கோகிலாவின் முதுகில் தூவிய மருந்து

தங்கச்சியை வம்புக்கு இழுக்காமல் ஒரு வேளைகூடச் சோறு தின்னத் தெரியாத என் அண்ணாவுக்கு,

உன் மகளின் முதுகைத் திறந்தார்கள். கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பு வரைக்கும். உனக்குத் திறந்த அதே முதுகெலும்புதான், அவளுக்குக் காயம் இன்னும் நீளம். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாளாக எழுதாமல் இருந்தேன். ஆனால் உன் பிள்ளை விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்து உனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

நீ போனபோது கோகிலா சின்னப் பிள்ளை. அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. எங்களுக்கே அது சரியாக விளங்கவில்லையே. பாலக்கோடு மார்க்கெட்டில் உன் குட்டியானை வண்டியில் தக்காளிப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஏறிக் கயிறு கட்டும்போது வழுக்கி விழுந்தாய். முதுகெலும்பு நொறுங்கியது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நீ வாசல் வரை நடந்தபோது அக்கம்பக்கமே வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டது. அப்புறம் தையல் போட்ட இடம் சிவந்தது. கசிந்தது. சீழ் வைத்தது. மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினோம், மறுபடியும் திறந்து கழுவினார்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது அண்ணா. நீதான் இல்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஆபரேஷன் என்ற வார்த்தையையே யாரும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது பல் பிடுங்கப் போனால்கூட அண்ணிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நான் இன்னும் இண்டூர் கடைவீதியில்தான் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கோகிலாவுக்குப் பாவாடை ரவிக்கை தைத்தேன். அளவெடுக்கும்போது வலது தோள் இடது தோளைவிட மேலே நின்றது. நேராக நில்லுடி என்றேன். “நேராத்தான் அத்த நிக்கறேன்” என்றாள். தைத்துப் போட்டுப் பார்த்தால் பாவாடை ஒரு பக்கம் தரையில் புரண்டது, இன்னொரு பக்கம் கணுக்கால் தெரிந்தது. நான் வெட்டியதில் ஏதோ கோளாறு என்று பிரித்து மறுபடி தைத்தேன். மறுபடியும் அப்படியே.

குனியச் சொன்னேன். குனிந்ததும் முதுகின் வலப்பக்கம் விலா எலும்பெல்லாம் மேடாகத் திரண்டு நின்றது. இடப்பக்கம் பள்ளம். “என்ன அத்த, என்ன பாக்கற?” என்று அவள் குனிந்தபடியே கேட்டாள். முதுகு என்றாலே எனக்கு உன் முதுகுதானே ஞாபகம் வரும்.

தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள், “தொப்பூர் மலை ரோடு மாதிரி வளைஞ்சு இருக்குது அத்த” என்று. அப்படித்தான் இருந்தது. சேலத்தில் முதுகெலும்பு டாக்டர் ஒருவரிடம் போகச் சொல்லி அனுப்பினார்கள். நான், அண்ணி, கோகிலா மூன்று பேரும் போனோம்.

அந்த டாக்டர் நிதானமான மனிதர். அவளை நிற்க வைத்து, குனிய வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லிப் பார்த்தார். “வளர்ற வயசுல சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும்மா. யார் செஞ்ச தப்பும் இல்ல. புத்தகப் பை தூக்குனதால வந்ததும் இல்ல. பெல்ட் போட்டு நிறுத்தி வைக்கிற கட்டம் தாண்டிப் போச்சு. இப்படியே விட்டா வளைவு இன்னும் கூடும், நுரையீரல அமுக்கும். ஆபரேஷன் பண்ணிக் கம்பி வச்சுதான் நிமிர்த்தணும்” என்றார்.

கம்பி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அண்ணி எழுந்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். பஸ் ஸ்டாண்டில்தான் கண்டுபிடித்தோம். தர்மபுரி வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், “கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது. உசுரோட இருந்தாப் போதும்” என்றார். நானும் அதை மறுக்கவில்லை. எனக்கு மட்டும் தைரியமா வந்துவிட்டது? அண்ணி வேண்டாம் என்றதும் எனக்குள்ளே ஏதோ லேசானது என்பதுதான் உண்மை. செய்யாமல் இருந்துவிட்டால் யாரும் சாகமாட்டார்கள் என்று மனசு கணக்குப் போட்டது.

ஆனால் கோகிலா தினமும் பள்ளியில் மாடி ஏற வேண்டும். பதினோராம் வகுப்பு மேல்மாடியில். பாதியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள் என்று அவளுடைய சிநேகிதி கடைக்கு வந்து என்னிடம் சொன்னாள். துப்பட்டாவை முதுகு மறைகிற மாதிரிப் போட்டுப் பின் குத்திக்கொள்கிறாள் என்பதை நானே பார்த்தேன். ஒரு நாள் களி கிண்டிக்கொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளே கேட்டுவிட்டாள்.

“அம்மா, அப்பா செத்தது ஆபரேஷனாலயா, கிருமியாலயா?”

அண்ணி துடுப்பை விடவில்லை. “ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்லம்மா. கிருமிதான்னா, கிருமிய என்ன பண்ணுவீங்கன்னு டாக்டரக் கேக்கலாம். கேட்டுட்டு வேணாம்னு சொல்லு. கேக்காமயே சொல்லாத.”

உன் மகள் உன்னை மாதிரியே பேசுகிறாள் அண்ணா. உனக்குத்தான் கேள்வி கேட்டால் பதில் வந்தே தீர வேண்டும்.

திரும்பவும் சேலம் போனோம். நாங்கள் இரண்டு பெரியவர்களும் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்தாள். “சார், எங்கப்பாவுக்கும் முதுகுல ஆபரேஷன் பண்ணாங்க. கிருமி பட்டுச் செத்துட்டாரு. எனக்கும் அப்படி ஆவுமா சார்?”

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். உனக்கு என்ன நடந்தது என்று எங்களிடம் முதலில் இருந்து கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்.

“ஆகவே ஆகாதுன்னு சொன்னா அது பொய். ஆகறதுக்கு வாய்ப்பு கம்மி. அதை இன்னும் கம்மி பண்ண என்ன செய்யப் போறோம்னு சொல்றேன், கேளு. அறுக்கறதுக்கு முன்னாடியே ரத்தத்துல ஆன்டிபயாடிக் ஊசி போட்டுடுவோம். அது உடம்பு பூரா போகும். ஆனா கம்பி வச்ச இடத்துல, காயத்தோட ஆழத்துல, ரத்த ஓட்டம் அவ்வளவா இருக்காது. அங்க மருந்து வேணுங்கற அளவு போய்ச் சேராம இருக்கலாம். அதனால, எல்லா வேலையும் முடிஞ்சு மூடறதுக்கு முன்னாடி, இன்னொரு ஆன்டிபயாடிக்கப் பவுடராவே நேரா காயத்துக்குள்ள தூவிடுவோம். வான்கோமைசின்னு பேரு. அந்த இடத்துல அது பலமா இருக்கும், ரத்தத்துல கொஞ்சம்தான் கலக்கும்.”

“மஞ்சப்பொடி வெக்கற மாதிரிங்களா?” என்றார் அண்ணி. டாக்டரிடம் அண்ணி பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. ஆனா இது கிருமியே இல்லாமத் தயார் பண்ணின மருந்து. நாங்க உள்ள வைக்கறதோட சரி. வீட்டுக்குப் போய் நீங்க எதையும் தூவிடாதீங்க.”

நான் கேட்டேன், “அதப் போட்டா கண்டிப்பா வராதுங்களா சார்?”

“கண்டிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. நல்லாக் குறையுதுன்னு நிறையப் பேர் பாத்திருக்காங்க. பெருசா வித்தியாசம் தெரியலன்னு சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க. அந்த மருந்துக்கு அடங்காத கிருமியும் உண்டு. எல்லாத்தையும் யோசிச்சுப் பாத்துதான் நாங்க போடறோம். என் பொண்ணா இருந்தாலும் போடுவேன்.”

அப்போதுதான் அண்ணி அதைக் கேட்டார். இத்தனை வருஷம் யாரைக் கேட்பது என்று தெரியாமல் வைத்திருந்த கேள்வி போல இருந்தது. குரல்கூட உயரவில்லை.

“அப்ப எங்க வூட்டுக்காரருக்கு ஏங்க அதப் போடல?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்குத் தெரியாதும்மா. போடலயா, போட்டாங்களான்னே எனக்குத் தெரியாது. போட்டிருந்தும் வந்திருக்கலாம். அவர் கீழ விழுந்து அடிபட்டு வந்தவரு. அது வேற, இது வேற. இதுக்கு மேல நான் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.”

அவர் ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் அண்ணி அன்றைக்கே எழுந்து வந்திருப்பார். தெரியாது என்று சொன்னதால்தான் அவரை நம்பினார் என்று நினைக்கிறேன். சரிங்க, செய்யுங்க என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார் பார், எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது.

உனக்கு அந்தப் பவுடரைப் போட்டார்களா அண்ணா? மயக்கத்தில் கிடந்த உனக்கு எங்கே தெரியப்போகிறது. ஆனாலும் உன்னைத் தவிர வேறு யாரிடம் நான் கேட்பேன்?

நாள் குறித்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து சோப்பால் குளித்து, துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே முதுகைப் பரிசோதித்தபோது இடுப்புக்கு மேலே ஒரு கொப்புளம் இருந்தது. சின்னதுதான், நுனியில் மட்டும் வெள்ளையாக. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேணாம். இது முழுசா ஆறட்டும். அது வழியா ஒரு கிருமியக்கூட உள்ள விடறதுக்கு எனக்கு இஷ்டமில்ல” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கோகிலா வழியெல்லாம் அழுதாள். மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போனவளுக்கு அது பெரிய ஏமாற்றம். அண்ணியோ, சாமியே தடுத்துவிட்டது, இனி வேண்டாம் என்று மறுபடியும் ஆரம்பித்தார். எனக்கு மட்டும் அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு கொப்புளத்துக்கு இவ்வளவு பயப்படுகிற டாக்டர் என் பிள்ளையைத் தொட்டால் பரவாயில்லை என்று தோன்றியது. அண்ணியிடமும் அதைத்தான் சொன்னேன். “நம்மள மாதிரியே அவருக்கும் பயம் இருக்குது அண்ணி. அதுதான் நல்லது.”

கொப்புளம் ஆறியது. போனோம்.

தியேட்டர் கதவுக்குள் தள்ளுவண்டி போகும்போது அவள் எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. கதவு மூடியது. அதற்கப்புறம் நானும் அண்ணியும் வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பிறகு உள்ளே போனவர்களெல்லாம் வெளியே வந்தார்கள். அவர்களுடைய ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள், போனில் பேசிச் சிரித்தார்கள். எங்கள் கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு முறை உள்ளேயிருந்து செருப்புச் சத்தம் கேட்டபோதும் நான் எழுந்து நின்றேன். உனக்காகக் காத்திருந்த அன்றைக்கு எனக்கு இந்தப் பயம் இல்லை அண்ணா. என்னவெல்லாம் நடக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

டாக்டர் வெளியே வந்தபோது தொப்பி போட்டிருந்த இடத்தில் நெற்றியில் கோடு பதிந்திருந்தது. “கால் ரெண்டும் நல்லா அசைக்கிறா. நல்லபடியா முடிஞ்சுது” என்றார்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். “பவுடர் போட்டீங்களாங்க?”

“போட்டாச்சும்மா. நானே என் கையால போட்டேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. உன் விஷயத்திலும் ஆபரேஷன் நல்லபடியாகத்தானே முடிந்தது. எங்களுக்கு அதற்குப் பிறகுதான் எல்லாமே.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அண்ணி வேறு ஆளாகிவிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரையும் கட்டில் பக்கம் விடவில்லை. பார்க்க வந்தவர்களை வாசலிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பினார். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். “கோவிச்சிக்கிட்டா போறாங்க” என்றார். நம் அத்தை மகன் ஒருவன் உள்ளே வர முரண்டு பிடித்தபோது, கதவில் கையை வைத்துக்கொண்டு, “எல்லாரையும் உள்ள வுட்டுத்தான் ஒருத்தரப் பறிகுடுத்தேன்” என்றார். அப்படியெல்லாம் இல்லை, உனக்குக் கிருமி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அண்ணியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காயத்தின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தினமும் பார்ப்பேன். தொடமாட்டேன், பார்ப்பேன். ஒரு காலையில் அதன் கீழ் ஓரத்தில் ஒரு கறை இருந்தது. வெளிர் மஞ்சள். நெற்றியைத் தொட்டால் சுட்டது.

கறை, காய்ச்சல். உனக்கும் இந்த வரிசையில்தான் வந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி என்னைத் தள்ளிவிட்டு வந்தார். கோகிலாவைத் திரும்பிப் படுக்கச் சொல்லி, அந்த இடத்துக்குக் கிட்டே குனிந்து மோந்து பார்த்தார். மெதுவாக, ஓரம் ஓரமாக. பிறகு நிமிர்ந்து, “கார் சொல்லு வளரு, போலாம்” என்றார்.

தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்து போனது. கோகிலா என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக் கிடந்தாள். உடம்பு அனலாக இருந்தது. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். உன்னையும் கூப்பிட்டேன். முன் சீட்டில் இருந்த அண்ணி திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் இல்லை.

“அந்த வாசன இல்ல வளரு,” என்றார் தணிந்த குரலில். “அவருக்கு நாந்தானே துணி மாத்துனேன். அந்த வாசன எனக்குத் தெரியும். இது அது இல்ல. நீ அழுவாத, புள்ள பயந்துக்கும்.”

வாசனையை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது என்று பிறகு டாக்டரே சொன்னார். ஆனால் அந்த மலையிறக்கத்தில் எனக்குப் பிடித்துக்கொள்ள அந்த வார்த்தை ஒன்றுதான் இருந்தது. எங்கள் இரண்டு பேரில் அதிகம் பயந்தவர் அண்ணிதான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்திரியைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார்கள், அழுத்திப் பார்த்தார்கள். கசிந்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரும் எடுத்தார்கள். கிருமி வளர்கிறதா இல்லையா என்று தெரியக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடியும் அங்கே போய் உட்கார வேண்டும்.

முடிவு வந்ததும் டாக்டர் கட்டிலுக்கே வந்தார். “காயத்துல கிருமி எதுவும் வளரல. தோலுக்கு அடியில கொஞ்சம் நீர் சேந்து கசிஞ்சிருக்கு, அது தானா வத்திடும். காய்ச்சல் சிறுநீர்த் தொற்றால வந்தது. அதுக்கு மாத்திரை குடுத்தாச்சு, கேக்குது. முதுகு நல்லா இருக்கு” என்றார்.

அண்ணி அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏதாவது சாப்புடலாமா வளரு, பசிக்குது” என்றார். கேன்டீனில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன். நீ போனதில் இருந்து அண்ணி வாய்விட்டுப் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்தப் பவுடர்தான் காப்பாற்றியதா? நான் டாக்டரிடம் கேட்டேன். “அது பண்ணிச்சா, ஊசி பண்ணிச்சா, அந்தக் கொப்புளத்துக்காகத் தள்ளிப் போட்டது பண்ணிச்சா, உங்க அண்ணி கை கழுவ வச்சது பண்ணிச்சா, பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. எல்லாம் சேந்துதான்” என்று சிரித்தார். கூடவே, “அபூர்வமா ரொம்ப நாள் கழிச்சும் தொற்று வரலாம். முதுகு வலிச்சாலோ, காயம் சிவந்தாலோ, காரணம் தெரியாமக் காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க” என்றும் சொல்லி அனுப்பினார். அண்ணிக்கு முன்பாதி காதில் விழுந்தது. எனக்குப் பின்பாதி.

இப்போது உன் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கொஞ்சம் உயரமாகியிருக்கிறாள். மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறாள். குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்பதால் கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூட முழங்காலை மடக்கி ராணி மாதிரி உட்கார்கிறாள். பையைச் சிநேகிதிகள் மாற்றி மாற்றித் தூக்கி வருகிறார்கள். துப்பட்டாவை ஒரு தோளில் அலட்சியமாகப் போட்டுக்கொள்கிறாள்.

எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. அவள் தும்மினால் நெற்றியைத் தொடுகிறேன். கடைக்கு வந்தால் சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துத் தழும்பைப் பார்க்கிறேன். பேசும்போதும் அவளைச் சுற்றிப் பின்பக்கமாகவே போய் நிற்கிறேனாம். எனக்கே தெரியவில்லை. போன வாரம் அவள் சட்டென்று திரும்பி என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“அத்த, எனக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்குது. எல்லாரும் முதுகையே பாக்கறீங்க. நீயாவது இதப் பாத்துப் பேசு.”

பார்த்தேன் அண்ணா. கன்னத்தில் ஒரு பரு. மீசை மாதிரி லேசான பூனை முடி. புருவம் உன்னுடையது. பிள்ளை எப்போது இவ்வளவு பெரியவளானாள் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை.

என் பயம் போகாது. போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம், அதில் எது வந்தாலும் அடுத்த நிமிஷம் சேலத்துக்குக் கிளம்பியிருப்பேன். ஆனால் மற்ற நேரமெல்லாம் அவள் எதிரே வந்து உட்கார்ந்து, அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மகளுக்கு அத்தை, உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
வளரு
இண்டூர்